உறுப்பினரின் ஒன்பது வயது மகள்

ஜெராக்ஸ் அக்காவின் மகள் நிமிடத்துக்கு முப்பத்தொரு வார்த்தை வாசிப்பாள். அரசாங்கம் அறுபது கேட்டது.

மனசுக்குள் வாசிக்கச் சொன்னால் அவள் ராட்சசி. எரிமலைகளைப் பற்றிய முந்நூறு பக்கப் புத்தகத்தை இரண்டே நாளில் தின்று முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுகிற ரகம். வாய்விட்டு வாசிக்கும்போதுதான் தகராறு. சில வார்த்தைகள் வாசல்வரை வந்துவிட்டு, செருப்பைத் தேடுகிறவர்கள்போல அங்கேயே நின்றுவிடும். அந்த இடைவெளியில் சுற்றியிருக்கும் நல்லவர்கள் எல்லோரும் உதவிக்குப் பாய்வார்கள். அவள் 'த' என்று தொடங்கினால் தண்ணீர் வந்துவிடும். தள்ளி உட்காரச் சொல்ல வந்தவள், எதற்கு வம்பு என்று தண்ணீரைக் குடித்துவிடுவாள். பள்ளியின் சதுரங்கக் குழுவில் அவள் சேர்ந்ததும் இப்படித்தான். 'சதுரங்கம் வேண்டாம்' என்று சொல்ல ஆரம்பித்தாள். முதல் வார்த்தையிலேயே உதவி கிடைத்துவிட்டது.

விதி இதுதான். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியை முன்னால் நின்று ஒரு பாடத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆசிரியை ஸ்டாப்வாட்சை அமுக்குவார். ஒரு நிமிடத்தில் அறுபது வார்த்தையைத் தாண்டாத பிள்ளை அடுத்த வருடம் 'மலரும் மொட்டுகள்' பிரிவுக்குப் போகும். அங்கே அறிவியல் கிடையாது, வரலாறு கிடையாது. படங்களுக்கு வண்ணம் தீட்டலாம். மூன்று வருடமாக மலர்ந்துகொண்டே இருக்கும் மொட்டுகள் அங்கே உண்டு. போன வருடம் அக்காவின் மகளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். இந்த வருடம் விடுவதாக இல்லை.

"சர்க்குலர்ல அப்படித்தாங்க இருக்கு. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க," என்றார் வகுப்பாசிரியை. அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

ஜெராக்ஸ் அக்கா விடுகிற ஆள் இல்லை. அவளுடைய கடை, தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம். அந்த அலுவலகத்துக்குள் போகிற எந்த மனுவும் அவள் இயந்திரத்தில் ஒருமுறை குப்புறப் படுக்காமல் போனதில்லை. எப்படி எழுதினால் எங்கே போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அப்படிப்பட்டவள் எழுதிய முதல் மனு, முறைப்படி உறுப்பினரின் உதவியாளரிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த உதவியாளர் எந்தத் தாளைக் கண்டாலும் ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை டீக்கடை விலைப்பட்டியலில் எழுதிவிட்டதாகவும் பேச்சு உண்டு. எல்லோரும் அவரை ஆவனார் என்று கூப்பிட்டார்கள். ஏதோ பழைய புலவர் பெயர்போல இருந்ததால் அவருக்கும் அதில் பெருமைதான்.

ஆவனார் கையெழுத்தோடு மனு கல்வித் துறைக்குப் போனது. துறை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியது. மாவட்டம் பள்ளிக்கு அனுப்பியது. பள்ளி அதை வகுப்பாசிரியையிடம் கொடுத்து விளக்கம் கேட்டது. 'விதிப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது' என்று அவர் எழுதி, மூன்று பிரதி எடுக்க ஜெராக்ஸ் அக்காவின் கடைக்கே வந்தார். தன் மனுவின் சாவுச் செய்தியை அக்காவே மூன்று பிரதி போட்டு, ஓரம் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாள். தொழில் வேறு, துக்கம் வேறு.

இரண்டாவது மனுவுக்கும் அதே யாத்திரைதான். ஆறு மாதம் போயிற்று. தேர்வுக்கு இன்னும் எட்டே நாள் என்கிறபோது அவள் சாலையைக் கடந்து ஆவனாரைப் பிடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். நம்ம ஐயா என் மனுவப் படிச்சாரா, இல்லையா?"

ஆவனார் அக்கம்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்னக்கா. ஐயாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டா வயசு தெரிஞ்சிரும்னு போடறதில்ல. சபையில பேசற பேச்சயே நீங்கதானே பெருசாக்கிக் குடுக்கறீங்க?"

உண்மைதான். சபை கூடும் நாட்களில் காலை ஒன்பதேகாலுக்கு ஆவனார் பேச்சைக் கொண்டுவருவார். அக்கா அதைப் பெரிதாக்கித் தருவாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவு. உறுப்பினர் அதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. எழுந்து நிற்பார், மேலே இருக்கும் தாளை வாசிப்பார், புரட்டுவார், தாள் தீர்ந்ததும் உட்காருவார். பதினோரு வருடமாக ஜனநாயகம் இப்படித் தடங்கலின்றி நடந்துவந்தது.

அக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. 'அட, நம்ம மனுவையும் நகம் அளவுக்கு ஆக்கிவிட்டால்?'

மூன்றாவது மனுவை அன்று மதியமே கடையில் உட்கார்ந்து எழுதினாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். இரண்டு நடைக்கு நடுவில் டீ குடிக்க வந்தவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"நான்கூடத்தான் தெனம் பதினோரு நிமிஷம் லேட்டாப் போறேன். என்னைய யாராவது மொட்டுல சேத்தாங்களா? இதையும் எழுது."

எழுதினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக மனுவைப் பெரிதாக்கினாள். பிரதி போடுகிறவர்களின் வழக்கப்படி கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முதல் பக்கத்தை நோக்கி வந்தாள். அப்போதுதான் வெளியே வரும் தாள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் பக்கத்தை, அதாவது 'பெறுநர்', 'பொருள்' எல்லாம் இருக்கும் பக்கத்தை, கவிழ்த்து வைத்து மூடியபோது ஆவனார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, வண்டி நிக்குது! ஐயா ஹாரன் அடிக்கச் சொல்றாரு! சாக்கடைப் பேச்சு, சீக்கிரம்!"

உண்மையிலேயே ஹாரன் அடித்தது. அக்கா பேச்சை இயந்திரத்தின் மேல்தட்டில் சொருகி அழுத்தினாள். அது மளமளவென்று பெரிதாகி, மனுவின் தாள்கள் மேலேயே வந்து விழுந்தது. அவள் திரும்பி உறையைத் தேடுவதற்குள் ஆவனார் மொத்தத்தையும் அள்ளி, மேசையில் ஒரு தட்டுத் தட்டி, மூலையில் 'டக்' என்று ஒரே பின்னாக அடித்துக்கொண்டு ஓடிவிட்டார். பின் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தட்டு காலியாக இருப்பதை அவள் பார்த்தபோது வண்டி போய்விட்டது. மூடியைத் தூக்கினாள். முதல் பக்கம் மட்டும் உள்ளேயே படுத்திருந்தது. 'அசலை உள்ளே மறந்துவிட்டுப் போகாதீர்கள்' என்று அதற்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்துதான்.

பதினோரு மணிக்குக் கடையின் சின்னத் தொலைக்காட்சியில் உறுப்பினர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் மற்றவர்கள் டீ குடிக்க எழுவது சபை மரபு. பாதிப் பேர் எழுந்தும்விட்டார்கள்.

"இந்தச் சாக்கடையால் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விடுகின்றன என்பதை இந்த அரசு அறியுமா?" என்று வாசித்துத் தாளைப் புரட்டினார். "எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள், ஐயா."

எழுந்தவர்கள் நின்றார்கள்.

"ஐயையோ, புள்ள அதுக்குள்ள விழுந்திருச்சா?" என்று யாரோ முணுமுணுத்தது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

"அவளுக்கு வாய் திக்கும். எல்லா வார்த்தையும் அவளுக்குத் தெரியும், ஐயா. வெளியே வரத்தான் நேரம் ஆகும். அந்த நேரத்தை ஒரு கடிகாரம் வைத்து அளந்து, அவளுக்கு அறிவில்லை என்று எழுதப்போகிறார்கள்."

'ஐயா' வரும் இடங்களில் எல்லாம் உறுப்பினர் பழக்கதோஷத்தில் சபாநாயகரை நிமிர்ந்து பார்த்தார். சபாநாயகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கள் வழித்தடப் பேருந்து தினமும் பதினோரு நிமிடம் தாமதமாக வருகிறது. அதனால் அது பேருந்தே இல்லை என்று யாரும் சொல்வதில்லை."

மூன்றாவது தாளில் உறுப்பினர் ஒரு கணம் தயங்கியதை ஜெராக்ஸ் அக்கா பார்த்தாள். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு வழுக்கையே விழுந்துவிட்டது. மகள் என்று யாரும் இருப்பதாக நினைவில்லை. தலை நிமிர்ந்தார். சபை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. டீ குடிக்கப் போனவர்கள் கோப்பையோடு வாசலில் நின்று கேட்டார்கள். பதினோரு வருடத்தில் முதல்முறை. அவர் தாளைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"அவளைப் பெற்றவ..." என்று வாசித்து, எச்சில் விழுங்கி, "பெற்றவன் என்ற முறையில் கேட்கிறேன். கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். அவள் வாசித்து முடிப்பாள்."

தாள் தீர்ந்தது. உட்கார்ந்தார். இரண்டு பக்கத்திலும் மேசை அதிர்ந்தது.

கல்வி அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உறுப்பினரின் மகளை இனி எந்தக் கடிகாரமும் அண்டாது, இன்றே ஆணை என்றார். சொன்னபடி ஆணை வந்தது. 'மேற்படி உறுப்பினரின் ஒன்பது வயது மகளுக்கு மட்டும் வாசிப்புத் தேர்வில் நேர வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.'

நாட்டிலேயே அந்த ஆணையால் பயன்பெறக்கூடிய பிள்ளை ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஆவனார் ஒரு கடிதத்தோடு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நாலு பிரதிக்கா. சின்ன எழுத்துலயே போதும்."

சபாநாயகருக்கு எழுதிய கடிதம். தவறுதலாக வாசிக்கப்பட்ட பகுதியைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடும்படி திங்கட்கிழமை உறுப்பினர் கேட்டுக்கொள்ளப்போகிறார்.

"வீட்டுல அம்மா நேத்துலேர்ந்து ஐயாகிட்ட முகம் குடுத்துப் பேசல," என்றார் ஆவனார். "'யாரு அந்தப் பொண்ணு?' ஒரே கேள்விதான். ஐயா, 'யாரும் இல்ல'ன்னாராம். 'யாரும் இல்லாமத்தான் டிவில தொண்ட அடைச்சுதா?'ன்னாங்களாம்."

"இது போச்சுன்னா ஆணையும் போச்சா சார்?"

"ஆணை ஐயா பொண்ணுக்குத்தானேக்கா. பொண்ணே இல்லன்னா ஆணை யாருக்கு?"

ஜெராக்ஸ் அக்கா கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "தாள் தீந்துபோச்சு சார்."

அவளுக்குப் பின்னால் தாள் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஆவனார் அவற்றைக் கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தார். அந்த ஒற்றைப் பின்னை அடித்தது யார் என்பது அவருக்கும் தெரியும்.

"எப்ப வரும்?"

"நாளைக்கு. நானே வந்து சொல்றேன்."

சனிக்கிழமை உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாள். அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அறையில் உறுப்பினரின் நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு நாற்காலி. அதில் அவர் மனைவி, மடியில் கைப்பையோடு, தீர்ப்பு எழுத வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

உறுப்பினர் அக்காவைக் கண்டதும் பொங்கிவிட்டார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க! சாக்கடையப் பத்திப் பேச எழுந்தவன் நான்! இப்ப வீட்டுக்குள்ள போக முடியல!"

"தப்பு நடந்துபோச்சுங்க ஐயா. ஆனா ரெண்டு தடவ யாருமே படிக்காத மனுவ நீங்க ஒருத்தர்தான் முழுசாப் படிச்சீங்க. அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாரு படிச்சா? நானா படிச்சேன்? அதுவா வந்துதும்மா!"

மனைவி கையைத் தூக்கினார். உறுப்பினர் அடங்கினார். மனைவியின் பார்வை சிறுமிமேல் இருந்தது.

"பாப்பா, இங்க வா. உங்கப்பா யாரு?"

சிறுமி வாயைத் திறந்தாள். "ப..."

"பக்கத்து வீட்டுக்காரரு!" என்று பாய்ந்தார் உறுப்பினர், எதற்கு என்றே தெரியாமல்.

"பள்ளிக்கூடத்துல வேலையா பாப்பா?" என்று உதவினார் ஆவனார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றார் மனைவி. பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ இருமினார்கள்.

"ப... பஸ் ஓட்டறாரு," என்றாள் சிறுமி. கொஞ்சம் யோசித்து, "ப... பதினோரு நிமிஷம் லேட்டா," என்று சேர்த்துக்கொண்டாள்.

மனைவி இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். "அதானே பாத்தேன். அந்த பஸ் வரியக் கேக்கும்போதே சந்தேகம். இவருக்கு அவ்வளவு நல்லா யோசிக்க வராதேன்னு."

உறுப்பினருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! தெளிவாயிடுச்சு. திங்கக்கிழம அந்தக் கடிதத்தக் குடுத்துட்டு..."

"குடுத்துட்டு என்ன சொல்வீங்க ஐயா?" என்றாள் அக்கா. "கையில என்ன இருக்குன்னே தெரியாமப் படிச்சேன்னா?"

உறுப்பினர் ஆவனாரைப் பார்த்தார். ஆவனார் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தார்.

"இல்ல, இல்லாத பொண்ணுக்காக அமைச்சர அழ வெச்சேன்னா?"

ஆவனார் ஸ்டேப்ளரை மெதுவாக ஒரு கோப்புக்கு அடியில் தள்ளினார்.

"போன எலெக்‌ஷன்ல எங்க தெருமுனையில மைக்கப் புடிச்சு என்ன சொன்னீங்க? 'இந்தத் தொகுதியில பொறந்த ஒவ்வொரு புள்ளையும் என் புள்ள'ன்னு. நோட்டீசா வேற குடுத்தீங்க. ரெண்டாயிரம் பிரதி, நான்தான் போட்டேன். அதையே சபையிலயும் சொல்லிடுங்களேன். 'என் மகள்'னு நான் சொன்னது தொகுதியில வாய் திக்கற எல்லாப் புள்ளைங்களையும்தான்னு. பொய்யும் ஆகாது, வீட்டுலயும் சண்ட இல்ல. ஆணை மட்டும் எல்லாப் புள்ளைக்குமா மாறிடும்."

உறுப்பினர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடு லேசாக அசையும். 'எல்லாப் பிள்ளைகளும்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு."

"மேடைக்கு மேடை சொல்றதுதானே," என்றார் மனைவி. "ஒரு தடவையாவது எழுத்துல குடுங்க."

திங்கட்கிழமை உறுப்பினர் விளக்கம் கொடுத்தார். மேசைகள் மறுபடி அதிர்ந்தன. அமைச்சர் மறுபடி கண்ணைத் துடைத்தார். ஆனால் ஆணையைத் திருத்த வேண்டிய துறைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு படிவம் அனுப்பியது: 'உறுப்பினருக்கு உள்ள, வாய் திக்கும் மகன்/மகள்களின் எண்ணிக்கை.' ஆவனார் செவ்வாய் முழுக்கத் தொகுதியின் பள்ளிகளுக்கெல்லாம் தொலைபேசியில் பேசிக் கணக்கெடுத்து, கட்டத்துக்குள் 214 என்று நிரப்பினார்.

துறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், எண்ணிக்கையில ஏதோ தப்பு விழுந்திருக்கு போலிருக்கே. இருநூத்திப் பதினாலா?"

"ஐயா நீண்ட காலமாப் பொதுவாழ்க்கையில இருக்கறவர்," என்றார் ஆவனார்.

புதன்கிழமை மதியம் ஆணை வந்தது. 214 பிள்ளைகளுக்கும் கடிகாரம் கிடையாது. பக்கத்துத் தொகுதி உறுப்பினர் இதைக் கேள்விப்பட்டு, தனக்கு முந்நூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்தார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், தன்னுடையதை எண்ணி முடிக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றார். சீர்திருத்தம் நாட்டில் இவ்வாறு பரவத் தொடங்கியது. சாக்கடை அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை தேர்வு. ஜெராக்ஸ் அக்கா கடையை அடைத்துவிட்டு வந்து வகுப்பறைக்கு வெளியே, ஜன்னல் ஓரமாக நின்றாள். பாடம், 'புயலில் ஒரு கப்பல்'. மகளுக்கு முந்தின பிள்ளைகள் எல்லோரும் தடதடவென்று ஓடி, ஸ்டாப்வாட்ச் 'கிளிக்' என்றதும் வாக்கியத்தின் நடுவிலேயே வாயை மூடிக்கொண்டு போனார்கள். மிக வேகமான பையன்கூட முக்கால் பாடத்தைத்தான் எட்டினான். அந்தப் பள்ளியில் இதுவரை எந்தப் பிள்ளையும் தேர்வில் ஒரு பாடத்தின் கடைசி வரியை வாசித்ததில்லை.

அக்காவின் மகள் முறை வந்தது. ஆசிரியை ஆணையை ஒருமுறை படித்துவிட்டு ஸ்டாப்வாட்சை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அப்புறம் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் கொஞ்ச நேரம் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தது.

சிறுமி வாசித்தாள். 'கடல்' வந்தது. 'கொந்தளித்தது' வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆசிரியை உதவ முன்னால் சாய்ந்தார். என்ன தோன்றியதோ, பின்னால் சாய்ந்துகொண்டார். இடைவேளை மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவள் அடுத்த பத்திக்குப் போனாள். ஆசிரியை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பாடம் எப்படி முடிகிறது என்று அவருக்கும் தெரியாது.

வெளியே வந்தவளின் பையை அக்கா வாங்கிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தெ... தெரியல. யாரும் பாக்கல."

இரண்டு பேரும் நடந்தார்கள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, கப்பல் கடைசியில என்ன ஆச்சு?"

"அ... அது..."

மூழ்கிற்றா, தப்பித்ததா, தீவில் ஒதுங்கிற்றா என்று மூன்று பதில்கள் அக்காவின் நாக்கு நுனிவரை வந்தன. மூன்றையும் விழுங்கிக்கொண்டு நடந்தாள். பள்ளிச் சுவர் முடிந்தது. முடிதிருத்தகம் போயிற்று, மருந்துக்கடை போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றபோது பதில் வந்து சேர்ந்தது.

"அது கெ... கெளம்பவே இல்லம்மா. புயல் வருதுன்னு து... துறைமுகத்துலயே கட்டிப் போட்டுட்டாங்க. சுத்த போர்."